சிவாஜினி படுத்திருந்த பனிக்காலம்

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவைக்கிற ஞாயிற்றுக்கிழமையோடுதான் ஒவ்வொரு வருடமும் சிவாஜினிக்கு அது தொடங்கும். முதல் வருடம் அதைக் குளிர் என்றார்கள். புதிதாக வந்த பிள்ளை, உடம்பு பழகவேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் தாய் தகப்பனை நினைத்து ஏங்குகிறாள் என்றார்கள். மூன்றாவது வருடம் அதற்குப் பெயர் வைக்க ஒருவரும் வரவில்லை. கணவன் கீர்த்திகன் மட்டும் ஒருநாள் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, "கரடிகூடச் சாப்பாட்டைச் சேர்த்து வைச்சிட்டுத்தான் படுக்கும்" என்றான்.

பகிடிக்குத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். சிரித்த களைப்பில் திரும்பவும் படுத்தாள்.

கனடாவில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். பாதி வீடு நிலத்துக்குள். மேலே வீட்டுக்காரி கமலாவதி. கீர்த்திகனின் தாயோடு கூடப்பிறந்த தங்கை. கீழ்வீட்டின் யன்னல் பாதையின் மட்டத்தில் இருக்கும். குளிர் தொடங்கியதும் காற்றுப் புகாமல் கீர்த்திகன் அதில் பொலித்தீன் ஒட்டுவான். பிறகு பனி விழும். பனி தள்ளுகிறவர்கள் யன்னலோரமாகக் குவித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு சித்திரை வரும்மட்டும் அந்த வீட்டில் பகலும் இரவும் லைற்றைப் போடுவதிலும் நிற்பாட்டுவதிலும்தான் இருந்தன.

அவள் வேலைக்குப் போனது நகரத்தின் மறுபக்கத்தில், மரக்கறி வெட்டிப் பைகளில் அடைக்கிற தொழிற்சாலைக்கு. இலைகள் வாடாமலிருக்க அந்த மண்டபத்தைக் குளிராகவே வைத்திருப்பார்கள். யன்னல் கிடையாது. இருட்டில் போய் இருட்டில் வருவாள். கீர்த்திகனுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. ஒரே கட்டிலை இருவரும் வேறு வேறு நேரத்தில் பாவித்தார்கள். அவள் வந்து, அவன் போகும் மட்டும் உள்ள சில மணித்தியாலங்கள்தான் குடும்ப வாழ்க்கை. அதிலும் அவள் படுத்திருந்தாள்.

ஊரில் அவள் பூமிசாஸ்திரம் படித்த பட்டதாரி. லொறி ஓட்டுகிறவரின் மகள். அந்தப் பரம்பரையிலேயே பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தனியார் வகுப்பில் ஒரு தோடம்பழத்தில் ஈர்க்கைக் குத்திச் சாய்த்துப் பிடித்து, வடக்கே போகப் போக மாரியில் பகல் எப்படிச் சுருங்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் பாடம் முடிந்ததும் தோடம்பழத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள். சுருங்கிய பகலுக்குள் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

இப்போது கேள்விகளுக்குக் குறைவில்லை. இது டொக்டரிடம் காட்டுகிற வருத்தமா, சோம்பலா? படித்த திமிரா? வெட்டுகிற வேலை கைக்கு ஏறாததால் மனம் போடுகிற நாடகமா? தன்னுடைய அம்மா ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருநாளாவது இப்படிப் படுத்ததுண்டா? அழுகை வந்தாலாவது கவலை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் வரவில்லை. ஈரச்சாக்கை மேலே போட்டதுபோல ஒரு பாரம். தலையைச் சீவ வேண்டும் என்று நினைத்து, சீப்பு இருக்கும் இடத்தை நினைத்து, அதற்குள் களைத்து விடுவாள்.

கார்த்திகை முடிகிற நேரம், ஒரு பின்னேரம் கமலாவதி மாமி மீன்குழம்புச் சட்டியோடு உட்படிக்கட்டால் இறங்கி வந்தார்.

"பிள்ளை, லைற்றும் போடாமல் இருட்டுக்கை என்ன செய்யிறாய்?"

சிவாஜினி வேலையால் வந்தபடியே, குளிர்க்கோட்டும் சப்பாத்துமாகக் கட்டிலில் கிடந்தாள். எழும்பப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு சீனிப் பணிஸைத் தவிர வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. குழம்பு வாசம் பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள்.

மாமி சட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். குரல் மாறியிருந்தது.

"எவ்வளவு நாளாய் இப்பிடி?"

"ஒரு மாசம் இருக்கும் மாமி."

"சாப்பாடு?"

"சோறு பிடிக்கேல்லை. பாணும் இனிப்பும்தான் மனம் கேக்குது."

"நித்திரை?"

"எந்த நேரமும்."

"கோவம் வருதோ?"

"வருது மாமி. காரணமில்லாமல் வருது."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் மாமியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"சரி, சரி. காணும். இனி வாயைத் திறக்காதை. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லப்படாது. மூண்டு மாசம் கழியட்டும்."

மாமி என்ன நினைத்துவிட்டார் என்பது சிவாஜினிக்குப் பிந்தித்தான் விளங்கியது. இல்லை மாமி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமி குனிந்து அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றி, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்வையை இழுத்து விட்டார்.

"படு. நீ ஒண்டுக்கும் எழும்ப வேண்டாம். நல்லாய்ப் படு."

கனடாவுக்கு வந்ததிலிருந்து எழும்பு, வெளிக்கிடு, நட, பழகு என்றுதான் எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். படு என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவள் கண்ணை மூடினாள். பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் கீர்த்திகன் ஒரு பை மாங்காய் வாங்கி வந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கலியாண வீடியோவில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"என்னப்பா இது?"

"மாங்காய். தெரியேல்லையோ? பூமிசாஸ்திரக்காரிக்கு மாங்காயும் தெரியாதோ?"

"மாமி என்ன சொன்னவ?"

"சின்னம்மா ஒண்டும் சொல்லேல்லை. பாரம் தூக்க விடாதை எண்டு மட்டும் சொன்னவ." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ ரெஸ்ற் செய்து பாத்தனியோ?"

"இல்லை. எனக்குத் தெரியேல்லை. சும்மா அலுப்பாயும் இருக்கலாம்."

"சரி, சரி. கதைக்க வேண்டாம். அக்கான்ரை கதை தெரியும்தானே. நேரம் வர டொக்டரிட்டைப் போவம்."

அவனுடைய அக்கா கஜந்தி முதன்முறை கருத்தரித்தபோது இரண்டாம் மாதத்திலேயே ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி, அந்த மாதமே அது கலைந்துபோனது. அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் இந்தக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. மூன்று மாதம் முடியும்மட்டும் பேச்சில்லை. கேள்வியில்லை. தெரிந்தவர்களும் தெரியாத மாதிரித்தான் இருக்கவேண்டும்.

அப்படித்தான் இருந்தார்கள். தமிழ்க்கடையில் கடைக்கார இரவிச்சந்திரன் அண்ணையின் மனைவி அவளுடைய கூடையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு வந்தார். கோயிலில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஊரிலிருந்து மாமியார் வீடியோவில், "குளிர் கவனம் பிள்ளை" என்று சொல்லி, கண்ணைத் துடைத்தார். யாராவது ஒருவர் நேராகக் கேட்டிருந்தால் சிவாஜினி இல்லையென்று சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? அவள் தனக்குள் சொல்லிக்கொண்ட நியாயம் இது. அது நியாயமில்லை என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கீர்த்திகன் கோப்பை கழுவினான். பருப்புக் காய்ச்சப் பழகினான். அவள் படுத்திருந்தால் கால்விரலில் நடந்தான். சென்ற மாதம் இதே படுக்கையைப் பார்த்துத்தான் அவன் கரடி என்றான். படுத்திருந்தவளும் அவள்தான், பாரமும் அதே பாரம்தான். அவள் நித்திரை கொண்டாள். எழும்பும்போது படுத்ததைவிடக் களைத்திருந்தாள்.

மாதவிலக்கு வந்தபோது அதைக் களவெடுத்த பொருள்போல ஒளித்தாள். நாப்கின் பெட்டியை வேலையிடத்து லொக்கருக்குள் வைத்தாள். பக்கத்து லொக்கர்க்காரி கிறேஸ் அதைப் பார்த்துவிட்டாள். மட்டக்களப்புப் பெண். சிவாஜினியைவிட ஒரு வயது குறைவு, குரல் மட்டும் இரண்டு மடங்கு.

"என்ன புள்ள, இதையும் பூட்டி வெச்சிரிக்காய்? உன்ட ஊட்டில எலி திங்குதா?"

சிவாஜினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்த்துக் கதையும் வந்துவிட்டது. மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். கிறேஸ் தன் பெட்டியை முழுதாக முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"எனக்கும் இரிந்திச்சி, போன வருசத்துக்கு முதல் வருசம். கிளினிக்கில ஒரு டொக்டர் இதுக்கொரு பேர் இரிக்கெண்டு சொன்னவ. காலமை எழும்பின உடன ஒரு பெரிய லைற்றுக்கு முன்னால குந்த வெச்சவ. குளிசையும் தந்தவ. இப்பயும் தேத்தண்ணியோட குந்துறனான். என்ட மகன் கேக்கான், அம்மா பல்லுப் புடுங்கப் போறீங்களா எண்டு."

"எனக்கு வருத்தமெண்டு எப்பிடித் தெரியும் கிறேஸ்? சோம்பலாய் இருந்தால்?"

"சோம்பேறி விடியச் சாமத்தில எழும்பி கோவா கரட் வெட்ட வருவாளா? விசர்க் கதை கதைக்காத. புருசனுக்கிட்டச் சொல்லு."

"சொன்னால் மூளை பிசகின விசரியெண்டு நினைப்பினம்."

"இப்ப மட்டும் என்ன நினைக்கானுகள்? புள்ளத்தாச்சியெண்டு. எது பெரிய பொய்?"

டொக்டரின் தொலைபேசி இலக்கத்தைக் கிறேஸ் அங்கேயே அவளுடைய போனில் பதிந்து கொடுத்தாள். சிவாஜினி அதைத் தினமும் எடுத்துப் பார்த்தாள். அழைக்கவில்லை. அழைத்தால் எந்த மொழியில் தொடங்குவது, என்ன வருத்தம் என்று கேட்டால் எதைச் சொல்வது என்று யோசித்தாள். யோசனை முடிவதற்குள் கிளினிக் பூட்டிவிடும்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை மாமி மேலே கூப்பிட்டார்.

"வா பிள்ளை. இண்டைக்கு நீ விளக்கைக் கொளுத்து. உன்ரை கையாலை நடக்கட்டும்."

மாமியின் வீட்டில் விலக்கு நாட்களில் சாமியறைப் பக்கம் போகக்கூடாது. சிவாஜினியும் இதுவரை போனதில்லை. இன்றைக்கு வேண்டாம் மாமி என்று ஒரு வசனம் சொன்னால் போதும், மாமிக்கு மிச்சம் விளங்கிவிடும். நிலையடியில் நின்றாள். முன்னறையில் மாமியின் கறிவேப்பிலைக் கன்று பெரிய சாடியில் நின்றது. குளிர்காலத்தில் அது பட்டுப்போகாமல் இருக்க, செடிகளுக்கென்று விற்கிற வெள்ளை லைற் ஒன்றை வாங்கி அதன் தலைக்கு மேலே கட்டியிருந்தார். மார்கழியிலும் கன்று பச்சையாகத் துளிர்த்திருந்தது. அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் அவள் தன்னை அறியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை, இலை ஆயவோ?"

"இல்லை மாமி."

போய் விளக்கைக் கொளுத்தினாள். இதில் ஒன்றும் இல்லை, இது உடம்பின் இயல்பு என்று பல்கலைக்கழகத்தில் சிநேகிதிகளோடு எத்தனையோ தரம் வாதாடியவள்தான். இருந்தும் முதல் தீக்குச்சியை உரசுவதற்குள் முறித்துவிட்டாள். சாமி கோபிக்கும் என்ற பயமில்லை. பக்கத்தில் கண்ணை மூடி நின்ற மாமியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இல்லாத ஒரு குழந்தைக்காக அந்த மனுஷி மனமுருகி நேர்ந்துகொண்டிருந்தார்.

தைப்பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை கீர்த்திகனுக்கு விடுமுறை. பின்னேரம் அவள் படுத்திருந்த கட்டிலின் விளிம்பில் வந்து இருந்தான்.

"ஜினி, ஒரு விசயம். கோவிக்காமல் கேள். நான் வீடு பாத்திருக்கிறன்."

"வீடோ?"

"என்னோடை வேலை செய்யிற டனிஸ்ரன் சொன்னவன். நோத்ர-டாம்-த-கிரேஸிலை. மூண்டாம் மாடி. தெற்குப் பக்கம் பெரிய யன்னல் ரெண்டு. நாளைக்கு வந்து பாக்கச் சொன்னவை. சின்னம்மாக்குப் பொங்கல் முடிய ஆறுதலாய்ச் சொல்லுவம். அவவும் விளங்கிக்கொள்ளுவா." அவன் பொலித்தீன் ஒட்டிய யன்னலைக் காட்டினான். "இந்த இருட்டுக்கை ஒரு பிள்ளையை வைச்சு வளர்க்கேலுமோ? பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்."

மூன்று வருடங்களில் அவன் அந்த யன்னலைப் பற்றிக் கதைத்தது அன்றுதான்.

சிவாஜினி எழும்பி இருந்தாள். இவ்வளவு நாளும் வராத சொல், தேடாமலே வந்தது.

"பிள்ளை இல்லை."

"என்ன?"

"பிள்ளை இல்லையப்பா. ஒருநாளும் இருக்கேல்லை. வெளிச்சம் எனக்குத்தான் வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவளுடைய வயிற்றைப் பார்த்தான். திரும்ப முகத்தைப் பார்த்தான்.

"கலைஞ்சிட்டுதோ?"

"இல்லை. மாமி தானாய் நினைச்சவ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"ஏன்?"

"படு எண்டு சொன்னவ. அதுக்காக."

அவன் எழும்பி அறைக்குள் இரண்டு தரம் நடந்தான். சுவரில் அடிப்பானோ என்று நினைத்தாள். அடிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நடிச்சனியோ? நான் இஞ்சை கோப்பை கழுவுறன், கால் சத்தம் கேக்காமல் நடக்கிறன், நீ கிடந்து நடிச்சனியோ?"

"படுத்தது நடிப்பில்லை. வாய் திறக்காமல் இருந்ததுதான் பிழை. எனக்கு ஏதோ வருத்தம். ஒவ்வொரு வருசமும் வருது. நீங்களும் பாத்தனீங்கள்தானே."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். போன வருசம் சொன்னனான், ஏலாமல் கிடக்கெண்டு. கொஞ்சம் வெளியிலை நட எண்டு சொன்னனீங்கள்."

அவன் யக்கெற்றை எடுத்தான். கதவடியில் நின்று, அவளைப் பாராமல் சொன்னான்: "சின்னம்மாக்கு நான் சொல்லமாட்டன். என்னாலை ஏலாது. நீயே சொல்லு."

அவள் உட்படியில் ஏறினாள். மாமி குசினியில் பொங்கலுக்குக் கசுக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். சிவாஜினி நின்றபடியே சொன்னாள். விலக்கு நாளில் விளக்குக் கொளுத்தியதையும் சேர்த்தே சொன்னாள். ஒன்றை மறைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும் என்று தோன்றியது. மாமியின் கை நின்றது.

"அப்ப உனக்கு என்னதான் வருத்தம்?"

"இருட்டு மாமி. மாரியிலை வாற மனவருத்தம். டொக்டர்மார் அதுக்குப் பேர் வைச்சிருக்கினம்."

"இருட்டெண்டு ஒரு வருத்தமோ? முப்பது வருசமாய் நாங்கள் இதுக்கைதானே இருக்கிறம்!"

மாமி எழும்பிச் சாமியறைக்குள் போனார். பித்தளை விளக்கை எடுத்து வந்து தொட்டிக்குள் வைத்து, பழப்புளியைப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். அவளைத் திட்டவில்லை. இரு என்றும் போ என்றும் சொல்லவில்லை. விளக்கு ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் பின்னால் கேட்க, சிவாஜினி கீழே இறங்கி வந்தாள்.

அன்றிரவு கீர்த்திகன் வரவேற்பறையில் படுத்தான். காலையில் அவள் கண் விழித்தபோது முகம் கழுவி வெளிக்கிட்டு நின்றான்.

"எழும்பு. அந்த வீட்டுக்கார மனிசனுக்கு வாறமெண்டு சொல்லிப்போட்டன். பாத்துக்கொண்டு நிப்பார்."

"இப்பவும் போறமோ?"

"வெளிக்கிடு."

அவன் நோத்ர-டாம்-த-கிரேஸ் வந்து, காரை நிறுத்தி, பனிக்குள் கால் வைத்த பிறகுதான் ஒன்று கேட்டான்.

"அந்த டொக்டருக்கு அடிச்சனியோ?"

"டொக்டரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீ ஒண்டும் சொல்லேல்லை. போனிலை இலக்கம் கிடந்தது, பாத்தனான். டொக்டர் எண்டு போட்டிருந்தது."

"நாளைக்கு அடிக்கிறன்."

"அடி. பிரெஞ்சிலை கேட்டால் என்னட்டைத் தா."

மூன்று மாடியும் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கிழ மனிதர், பிரெஞ்சில்தான் கதைத்தார். வெறும் வீடு. நிலத்தில் பழைய பலகை. வெளியே குளிர் கடுமையான நாட்களில் வருகிற துப்புரவான வெயில், இரண்டு யன்னல்களாலும் உள்ளே விழுந்து அறையின் நடுவரைக்கும் வந்திருந்தது.

எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். பிள்ளைகள் உண்டா?

அவள் கீர்த்திகனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"இல்லை. ரெண்டு பேர்தான்" என்று பிரெஞ்சில் சொன்னான். தலையசைத்துவிட்டு, குசினியைத் திறந்து வைப்பதற்காக அவர் உள்ளே போனார்.

சிவாஜினி வெயிலுக்குள் போய் நின்றாள். கோட்டைத் திறந்தாள். ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தாள். கண் கூசியது, கன்னம் கொஞ்சம் சுட்டது. பாரம் அப்படியே இருந்தது. படுக்க இடமிருந்தால் அந்தப் பலகையிலேயே படுத்திருப்பாள்.

"போதுமோ வெளிச்சம்?" கீர்த்திகன் கேட்டான். குரலில் கோபம் இன்னும் தீரவில்லை.

"தெரியேல்லை" என்றாள். அவனுக்குப் பொய் சொல்ல அவளுக்கு இனிச் சக்தியில்லை.

அவன் குசினிப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னான். பிறகு யன்னலுக்குக் கீழிருந்த ஹீற்றரோடு சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்ப நில்லு" என்றான். "தெரியுமட்டும் நில்லு."